பதவி துறந்த மேய்ப்பர்கள்: கருமத்தம்பட்டியும் உரோமையும்



இம்மலரின் முன்பக்கங்களில் இதுவரை இப்பங்கில் பணியாற்றிய குருக்களின் படங்களை வரிசையாகக் காண்பீர்கள். ஒவ்வொரு படத்தின் கீழும் இரண்டு ஆண்டுகள் அச்சாகியிருக்கும்: வந்த ஆண்டு, போன ஆண்டு. வந்த ஆண்டைப் பற்றி எல்லோரும் பேசுவார்கள். மேளம் வைத்தது, ஆலய வாசலில் ஆரத்தி எடுத்தது, பொன்னாடை போர்த்தியது எல்லாம் வீடுகளில் புகைப்படமாக இருக்கும். போன ஆண்டைப் பற்றிப் பேசுவோர் குறைவு. எப்படிப் போனார், போன பிறகு எப்படி நடந்துகொண்டார் என்று எந்த யூபிலி மலரிலும் எவரும் எழுதியதாக நாம் பார்த்ததில்லை. பங்கின் வரலாற்றை எழுதும் பொறுப்பை நம் பெரியவர்கள் செவ்வனே ஏற்றுக்கொண்டுவிட்டபடியால், நமக்கு ஒதுக்கப்பட்ட பக்கங்களில் இந்தப் ‘போன ஆண்டு’ பற்றிச் சற்று எழுதலாமென்று எண்ணினோம்.

இந்த எண்ணம் நம் மனதில் விழுந்தது 2013ஆம் ஆண்டில். அவ்வாண்டு பெப்ருவரி 11ஆம் நாள், திங்கட்கிழமை. லூர்து அன்னையின் திருநாள். இரண்டு நாள் கழித்துச் சாம்பல் புதன். நாம் அப்போது இதே திருப்பூர்ப் பகுதியில் வேறொரு பங்கில் இருந்தோம். குருத்தோலைகளைச் சுட்டுச் சாம்பலாக்கும் வேலை நடந்துகொண்டிருந்தது. மாலையில் தொலைக்காட்சிச் செய்தியைக் கேட்டுவிட்டு நாலைந்து பேர் அறைவீட்டுக்கு ஓடி வந்தார்கள். பாப்பரசர் பதவி விலகுகிறாராம், உண்மைதானா என்று கேட்டார்கள். அவர்களில் ஒரு பெரியவர், சொந்தமாகப் பனியன் கம்பெனி நடத்தி மகனிடம் ஒப்படைத்தவர், கேட்ட கேள்வி இன்னும் நம் காதில் இருக்கிறது. “அப்பன்ங்கிற இடத்திலிருந்து அப்பன் இறங்கிக்க முடியுமுங்களா சாமி?”

நாம் குருமடத்தில் திருச்சபைச் சட்டம் படித்தவர்கள். முடியும் என்று உடனே பதில் சொன்னோம். சட்டத்தொகுப்பின் 332ஆம் சட்டம் இரண்டாம் பிரிவு அதைத் தெளிவாகக் கூறுகிறது. பாப்பரசர் சுயமாக, எவருடைய வற்புறுத்தலுமின்றி, முறைப்படி அறிவித்து விலகலாம். அதை யாரும் ஏற்றுக்கொள்ளவேண்டும் என்பதில்லை. சட்டம் சரிதான். ஆனால் விலகிய பிறகு அவர் என்ன செய்வார், எங்கே இருப்பார், எப்படி அழைக்கப்படுவார் என்று சட்டத்தொகுப்பில் ஒரு வரிகூட இல்லை. பெரியவரின் கேள்வி உண்மையில் அதைப் பற்றியதுதான் என்று நமக்குப் பின்னால்தான் புரிந்தது.

வரலாற்றில் முன்மாதிரி தேடினாலும் அதிகம் அகப்படாது. 1294ஆம் ஆண்டு, இருபத்தேழு மாதங்கள் பாப்பரசர் இன்றித் திருச்சபை தவித்தபின், கர்தினால்கள் மலையில் தவம் செய்துகொண்டிருந்த பேதுரு என்னும் முதிய சந்நியாசியைத் தேர்ந்தெடுத்தார்கள். ஐந்தாம் செலஸ்தீன் என்று பெயர் சூட்டிக்கொண்ட அவர் ஜூலையில் தேர்ந்தெடுக்கப்பட்டு டிசம்பர் 13ஆம் நாள் விலகிவிட்டார். நிர்வாகம் தமக்கு வராது என்று அவருக்கே தெரிந்திருந்தது. மறுபடி தம் குகைக்குப் போய் ஜெபிக்கவேண்டும் என்பதுதான் அவர் ஆசை. ஆனால் அவருக்குப்பின் வந்த எட்டாம் போனிப்பாஸ் பயந்தார். மக்கள் இவரைப் பரிசுத்தவான் என்று கொண்டாடுகிறார்கள். யாராவது இவரை முன்னிறுத்திக்கொண்டு ‘இவர்தான் மெய்யான பாப்பரசர்’ என்று கிளம்பினால் என்ன ஆவது? ஆகவே தப்பியோடிய முதியவரைப் பிடித்து வரச் செய்து பூமோனே கோட்டையில் காவலில் வைத்தார். 1296 மே 19இல் அங்கேயே செலஸ்தீன் உயிர்துறந்தார். 1313இல் திருச்சபை அவரைப் புனிதராக அறிவித்தது. சிறை வைத்தவரைப் பற்றி அதிகம் குறை சொல்ல நாம் விரும்பவில்லை. அவர் பயத்துக்கு அன்று காரணம் இருந்தது. ஆனாலும் அந்தக் கோட்டையின் சிறிய அறையை நினைக்கும்போது மனம் சங்கடப்படுகிறது.

அடுத்தவர் பன்னிரண்டாம் கிரகோரியார். ஒரே காலத்தில் மூவர் பாப்பரசர் பட்டத்துக்கு உரிமை கொண்டாடிய பெரும்பிளவைத் தீர்க்கும்பொருட்டு, கான்ஸ்டன்ஸ் சங்கத்தின்போது 1415 ஜூலை 4ஆம் நாள் அவர் விலகினார். 1417 அக்டோபரில் இறந்தார். புதிய பாப்பரசர் ஐந்தாம் மார்ட்டின் தேர்ந்தெடுக்கப்பட்டது அவ்வாண்டு நவம்பரில். ஆக, கிரகோரியார் தமக்குப் பின் வந்தவரின் ஆட்சியில் ஒரு நாள்கூட வாழவில்லை. தாமாக விலகி, தம் இடத்தில் மற்றொருவர் அமர்ந்திருப்பதைப் பார்த்துக்கொண்டே வாழ்ந்தவர் என்றால் செலஸ்தீனுக்குப் பிறகு எழுநூறு ஆண்டுகளில் பதினாறாம் பெனடிக்ட் ஒருவர்தான். நம் முன்னோர் வழக்கில் சொன்னால் பதினாறாம் ஆசீர்வாதப்பர்.

அவர் செலஸ்தீனை மறக்கவில்லை என்பதற்கு ஓர் அடையாளம் உண்டு. 2009 ஏப்ரலில் இத்தாலியின் அக்குயிலா நகரம் பூகம்பத்தில் இடிந்தது. அங்கேதான் செலஸ்தீனின் கல்லறை. ஆறுதல் சொல்லப் போன ஆசீர்வாதப்பர், தம் பணியேற்பின்போது அணிந்த பாலியம் என்னும் கம்பளித் தோளணியை அக்கல்லறைமேல் வைத்துவிட்டு வந்தார். அன்று எவரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. நான்காண்டு கழித்துத்தான் எல்லோரும் அந்தப் புகைப்படத்தைத் தேடி எடுத்துப் பார்த்தார்கள்.

2013 பெப்ருவரி 28ஆம் நாள் காலையில் கர்தினால்களிடம் விடைபெற்றபோது, உங்களிடையே இருக்கும் அடுத்த பாப்பரசருக்கு இப்போதே கீழ்ப்படிதலை வாக்களிக்கிறேன் என்று அவர் கூறினார். இன்னும் தேர்ந்தெடுக்கப்படாத ஒருவருக்கு வாக்களித்த கீழ்ப்படிதல் அது. அன்று மாலை ஹெலிகாப்டரில் காஸ்தல் கந்தோல்போ மாளிகைக்குப் போனார். இரவு எட்டு மணிக்கு மாளிகையின் பெரிய கதவு சாத்தப்பட்டது. பாப்பரசரைக் காவல் காக்கும் சுவிஸ் வீரர்கள் வாசலைவிட்டு அகன்றார்கள். அவருடைய மீனவர் மோதிரத்தில் சிலுவைக்கீறல் போட்டு அதை முத்திரையாகப் பயன்படாதபடி செய்தார்கள். புதியவரைத் தேர்ந்தெடுத்த 115 கர்தினால்களின் அவையில் அவர் இல்லை. அதில் நம் இந்தியாவிலிருந்து ஐவர் இருந்தார்கள். மார்ச் 13இல் பிரான்சிஸ் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

பத்து நாள் கழித்து இருவரும் காஸ்தல் கந்தோல்போவில் சந்தித்தார்கள். சிற்றாலயத்தில் பாப்பரசருக்கென்று முன்னால் ஒரு தனி முழந்தாள் பலகை போட்டிருந்தார்கள். ஆசீர்வாதப்பர் பிரான்சிசை அங்கே போகும்படி காட்டினார். பிரான்சிஸ் மறுத்து, நாம் சகோதரர் அல்லவா என்று சொல்லி, பின்னால் இருந்த நீண்ட பலகையில் அவர் பக்கத்தில் முழந்தாளிட்டார். ஒரே பலகையில் இரண்டு வெள்ளை அங்கிகள். இருவரும் அமர்ந்து பேசிய மேசைமேல் பெரிய வெள்ளைப் பெட்டி ஒன்று இருந்தது. பழையவர் புதியவரிடம் ஒப்படைத்த தாள்கள் அதில் இருந்தன. நம் பங்குகளில் குரு மாறும்போது ஞானஸ்நானப் புத்தகம், கலியாணப் புத்தகம், கணக்குப் புத்தகம், நற்கருணைப் பேழையின் சாவி எல்லாம் மேசைமேல் வைத்துக் கையெழுத்து வாங்குவது நமக்குத் தெரிந்த காட்சி. உரோமையிலும் அப்படித்தான் நடந்தது என்று எண்ணிக்கொண்டோம்.

அந்த வருடமே வெளிவந்த ‘விசுவாச ஒளி’ என்னும் சுற்றுமடலின் பெரும்பகுதியை எழுதியவர் ஆசீர்வாதப்பர். பிரான்சிஸ் அதை மறைக்கவில்லை. முன்னவர் எழுதி வைத்த வரைவை ஏற்றுத் தம் பங்கையும் சேர்த்ததாக அம்மடலிலேயே எழுதினார். அதில் கையெழுத்து ஒருவருடையதுதான். எழுதியவர் தம் பெயரைக் கேட்கவில்லை.

வத்திக்கான் தோட்டத்திலுள்ள ‘திருச்சபையின் தாய்’ மடத்தில், முன்பு அடைபட்ட கன்னியர் ஜெபித்த வீட்டில், ஆசீர்வாதப்பர் ஒன்பதரை ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்தார். பொது நிகழ்ச்சிகளுக்கு அபூர்வமாகவே வந்தார்: 2014இல் இரண்டாம் அருள் சின்னப்பரும் இருபத்துமூன்றாம் அருளப்பரும் புனிதராக்கப்பட்டபோது ஒருமுறை, 2015 டிசம்பரில் இரக்கத்தின் யூபிலிக் கதவு திறக்கப்பட்டபோது ஒருமுறை என்று எண்ணிச் சொல்லிவிடலாம். வீட்டில் ஞானமுள்ள தாத்தா இருப்பதுபோல என்று பிரான்சிஸ் அவரைப் பற்றிப் பலமுறை கூறினார்.

ஆனால் எல்லாம் சீராக நடந்தது என்று எழுதினால் அது வரலாறு ஆகாது. வெள்ளை அங்கியை அவர் தொடர்ந்து அணிந்ததும், ‘ஓய்வுபெற்ற பாப்பரசர்’ என்ற பட்டத்தோடு தம் பாப்பரசர் பெயரையும் வைத்துக்கொண்டதும் சட்டம் தெரிந்த பலருக்கு உடன்பாடாக இல்லை. நமக்கும் இல்லை என்பதை இங்கே ஒளிக்க விரும்பவில்லை. சாதாரண விசுவாசி கண்ணால் பார்ப்பதை நம்புகிறவன். இரண்டு வெள்ளை அங்கியைப் பார்த்தால் இரண்டு பாப்பரசர் என்றுதான் அவன் நினைப்பான். பிரான்சிசைப் பிடிக்காத சிலர், இன்னும் ஆசீர்வாதப்பர்தான் மெய்யான பாப்பரசர் என்றே எழுதிக்கொண்டிருந்தார்கள். எட்டாம் போனிப்பாஸ் எதற்குப் பயந்தாரோ அதுதான் நடந்தது.

2020 ஜனவரியில் நிலைமை இன்னும் மோசமாயிற்று. அமேசான் காடுகளில் குருக்கள் இல்லாத குறைக்காக, திருமணமான நல்ல மனிதர்களைக் குருவாக்கலாமா என்று 2019இல் ஆயர் மாமன்றம் விவாதித்தது. பிரான்சிசின் முடிவை எல்லோரும் எதிர்பார்த்திருந்தார்கள். அவ்வேளையில் குருக்களின் பிரமசரியத்தை ஆதரித்து ஒரு புத்தகம் பிரான்சில் வெளிவந்தது. அட்டையில் கர்தினால் சாராவின் பெயரும் ஆசீர்வாதப்பரின் பெயரும், இருவர் படங்களும். ஓய்வுபெற்றவர் ஆளுகிறவருக்குக் கட்டளையிடுகிறாரோ என்று பெரும் கூச்சல் எழுந்தது. தாம் ஒரு கட்டுரை தந்தது உண்மை, ஆனால் இணையாசிரியராக அட்டையில் வர ஒப்புக்கொள்ளவில்லை என்று தம் செயலர் வழியாக ஆசீர்வாதப்பர் சொல்லி, பெயரை எடுக்கக் கேட்டுக்கொண்டார். அவர் எழுதிய கருத்தில் நமக்கு ஆட்சேபமில்லை. எழுதிய காலம்தான் சரியில்லை. தொண்ணூற்றிரண்டு வயது முதியவரின் பெயரை யாரும் எளிதில் பயன்படுத்திக்கொள்ளலாம் என்பதற்கு அது ஒரு சாட்சி.

2022 டிசம்பர் 31இல் அவர் இறந்தார். 2023 ஜனவரி 5இல் பிரான்சிஸ் தலைமையில் அடக்கம் நடந்தது. தம் முன்னவரின் அடக்கச் சடங்கை ஆளும் பாப்பரசரே முன்னின்று நடத்தியது நம் தலைமுறை காணாத காட்சி. பிரான்சிசோ விலகவில்லை. 2025 ஏப்ரல் 21இல், பதவியில் இருந்தபடியே, எண்பத்தெட்டாம் வயதில் மரித்தார். மே 8இல் தேர்ந்தெடுக்கப்பட்ட பதினான்காம் சிங்கராயருக்கு, அதாவது லியோ பாப்பரசருக்கு, தோட்டத்து வீட்டில் தாத்தா எவரும் இல்லை.

இனி நம் ஊருக்கு வருவோம். உரோமைக் கதையை இவ்வளவு சொன்னதே இதற்காகத்தான்.

ஒவ்வோர் அக்டோபரும் நீங்கள் போய்வரும் கருமத்தம்பட்டி ஜெபமாலை அன்னையின் கோயிலில், 1846 அக்டோபர் 4ஆம் நாள், ஜெபமாலை ஞாயிறன்று, முப்பத்திரண்டு வயது பிரஞ்சுக் குரு ஒருவர் மேற்றிராணியாராக அபிஷேகம் பெற்றார். மெல்கியோர் தெ மரியோன் பிரெசியாக் என்பது அவர் பெயர். 1813இல் பிரான்சின் காஸ்தல்நோதரி என்னும் ஊரில் பிறந்து, பாரீஸ் மறைபோதக சபையில் சேர்ந்து, 1842இல் புதுச்சேரியில் வந்திறங்கினார். சேலம் பக்கத்தில் தமிழ் கற்றார். புதுச்சேரிக் குருமடத்துக்குத் தலைவராக இருந்தார். பிறகு கோயமுத்தூர் மிஷன் தனியாகப் பிரிக்கப்பட்டபோது அதன் பொறுப்பு அவர் தலையில் விழுந்தது. 1850இல் கோயமுத்தூர் அப்போஸ்தலிக்க விகாரியத்து ஆனபோது அதன் முதல் ஆண்டகை அவரே. இன்றைய நம் மறைமாவட்டத்தின் வரிசையில் முதல் படம் அவருடையது. அந்தப் படத்தின் கீழே ‘போன ஆண்டு’ 1855 என்று இருக்கும். அவர் இறந்ததோ 1859இல். இடையில் நான்காண்டு. அந்த நான்காண்டைத்தான் நாம் சொல்லவேண்டும்.

அவர் ஏன் போனார்? இரண்டு காரணங்கள், இரண்டும் ஒன்றோடொன்று பின்னிக்கிடந்தன.

முதலாவது, சுதேச குருக்கள். இந்த நாட்டுத் திருச்சபையை இந்த நாட்டுக் குருக்களே நடத்தவேண்டும், அவர்களிலிருந்து மேற்றிராணிமாரும் வரவேண்டும் என்பது அவருடைய உறுதி. 1844இல் புதுச்சேரியில் கூடிய சங்கம் அதைப் பேசியது. 1845 நவம்பரில் உரோமையிலிருந்து வந்த அறிவுரையும் அதையே கட்டளையிட்டது. தாளில் எல்லோரும் சம்மதித்தார்கள். நடைமுறையில், தமிழ்க் குரு ஐரோப்பியக் குருவுக்குச் சமமாக ஒரே மேசையில் உட்காருவதா என்ற இடத்தில் வந்து நின்றது. அவருடன் இருந்த வேதபோதகர்களில் பலர் இதில் அவரோடு ஒத்துப்போகவில்லை. அவர்கள் நல்லவர்கள், தியாகிகள், காட்டுக் காய்ச்சலில் செத்தவர்கள். ஆனாலும் தங்கள் காலத்துக் கண்ணாடியால்தான் பார்த்தார்கள். தூத்துக்குடியில் ரோச் ஆண்டகை மேற்றிராணியார் ஆனது 1923இல். நம் கோயமுத்தூருக்கு இந்தியரான உபகாரசாமி ஆண்டகை வந்தது 1940இல். பிரெசியாக் கருமத்தம்பட்டியில் அபிஷேகம் பெற்ற நாளிலிருந்து தொண்ணூற்று நாலு வருடம்.

இரண்டாவது, சாதி. தத்துவ போதகர் காலந்தொட்டு நம் மதுரை மிஷனில் இந்நாட்டு ஆசாரங்களில் எதை ஏற்பது, எதை விலக்குவது என்ற வழக்கு இருந்து வந்தது. 1744இல் பதினான்காம் ஆசீர்வாதப்பர் தீர்ப்பளித்து, இங்கு வரும் ஒவ்வொரு வேதபோதகரும் அத்தீர்ப்பைக் காப்பதாகச் சத்தியம் செய்யவேண்டும் என்று விதித்தார். பிரெசியாக்கும் சத்தியம் செய்தவர். ஆனால் வந்து பார்த்தால், கோயிலுக்குள் தாழ்த்தப்பட்டோருக்குத் தனிப் பக்கம், தனி வாசல். சத்தியத்தில் இருந்தது ஒன்று, கோயிலில் நடந்தது வேறு. மற்றவர்கள், காலம்காலமாக நடப்பதுதானே, மெல்ல மெல்லத் திருத்தலாம் என்றார்கள். அவருக்கோ மனசாட்சி உறுத்தியது. சத்தியத்தை எழுத்துப்படி காத்தால் மக்கள் சிதறிப்போவார்கள் என்ற பயம் ஒருபுறம். காக்காவிட்டால் தாம் சத்தியத்தை மீறியவராவோம் என்ற வேதனை மறுபுறம். உரோமைக்கு எழுதினார். ஐயத்தைத் தீர்க்கும் பதில் வரவில்லை. கடைசியில் தாமே உரோமைக்குப் போனார். தீர்ப்பு இல்லாமல் ஆளமுடியாது என்று ராஜினாமாவைச் சமர்ப்பித்தார். 1855 மார்ச்சில் அது ஏற்கப்பட்டது. அப்போது அவருக்கு வயது நாற்பத்தொன்று.

இதை எழுதும்போது நம் பேனா சற்று நிற்கிறது. அந்த மேற்றிராணியாரை ஊரைவிட்டு விரட்டிய கேள்வி தீர்ந்துவிட்டதா? நம் கோயில்களில் இன்று தனிப் பக்கம் இல்லை. ஆனால் கல்லறைத் தோட்டத்தில் யாரை எங்கே புதைக்கிறோம், தேர் எந்தத் தெருவுக்குள் போகிறது, எந்தத் தெரு முனையோடு திரும்புகிறது என்று கேட்டால், தமிழ்நாட்டுப் பங்குக் குரு எவரும் உடனே பதில் சொல்லமாட்டார். நம் பங்கில் தேர் எல்லாத் தெருவுக்கும் போக எத்தனை கூட்டம் போட்டோம் என்பது உங்களுக்கே தெரியும்.

விலகிய பின் பிரெசியாக் ஆண்டகை என்ன செய்தார் என்பதுதான் நமக்கு முக்கியம். அவர் கோயமுத்தூருக்குத் திரும்பவில்லை. அவர் தொடங்கிய புனித மிக்கேல் பேராலய வேலையை அவருக்குப்பின் வந்தவர்கள் முடித்தார்கள். தம் பக்கம் நின்ற குருக்களைக் கூட்டி, எதிர்த்தவர்களுக்கு விரோதமாக ஒரு கட்சி சேர்க்கவில்லை. வெர்சாயில் கப்புச்சின் துறவிகளின் மடத்தில் ஒதுங்கினார். மிஷனில் கழித்த பன்னிரண்டு ஆண்டுகளின் நினைவுகளை எழுதினார். பிறகு மறுபடி ஒரு சாதாரண மறைபோதகராகப் போக அனுமதி கேட்டார். அதுவும் யாரும் போகாத இடத்துக்கு, மேற்கு ஆப்பிரிக்காவுக்கு. தனியாகப் போகவேண்டாம், ஒரு சபையை நிறுவிப் போகும் என்று உரோமை கூறியது. 1856 டிசம்பர் 8இல் லியோன் நகரத்து பூர்வியேர் அன்னையின் குன்றில், கைவிரலால் எண்ணக்கூடிய தோழர்களுடன் ஆப்பிரிக்க மறைபோதக சபையைத் தொடங்கினார். கோயமுத்தூரில் நிறைவேறாத ஆசையை அதன் நோக்கங்களில் எழுதி வைத்தார்: அந்தந்த நாட்டுக் குருக்களை உருவாக்குவது.

1858இல் சியெரா லியோனின் அப்போஸ்தலிக்க விகாராக நியமனம் வந்தது. 1859 மே 14இல் பிரீடவுன் துறைமுகத்தில் இறங்கினார். நகரில் மஞ்சள் காய்ச்சல் பரவியிருந்தது. கூட வந்த குருக்கள் ஒவ்வொருவராக விழுந்தார்கள். ஜூன் 25இல், இறங்கிய நாற்பத்திரண்டாம் நாள், ஆண்டகையும் மரித்தார். அப்போது அவருக்கு நாற்பத்தைந்து வயது. லியோனில் தங்கியிருந்த பிளாங்க் என்ற குரு, எல்லாம் முடிந்தது என்று சபையை மூடிவிடவில்லை. அரை நூற்றாண்டு அதை நடத்தினார். இன்று அச்சபையில் நம் தமிழ்க் குருக்களும் இருக்கிறார்கள். கருமத்தம்பட்டியில் அபிஷேகமாகி ஆப்பிரிக்காவில் புதைந்தவரின் சபையில் சேர்ந்து, தமிழ்ப் பிள்ளைகள் ஆப்பிரிக்காவுக்குப் போகிறார்கள்.

இவருக்கு எவரும் ‘ஓய்வுபெற்ற ஆயர்’ என்று பட்டம் கொடுக்கவில்லை. அக்காலத்தில் அப்படி ஒரு நிலையே கிடையாது. மேற்றிராணியார் என்றால் சாகும்வரை மேற்றிராணியார். இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965இல் ஆயர்கள் முதுமையில் தாமாக விலகும்படி கேட்டுக்கொண்டது. 1966இல் ஆறாம் சின்னப்பர் எழுபத்தைந்து வயது என்று வரையறுத்தார். இப்போது எழுபத்தைந்து ஆனவுடன் ஆயர்கள் பாப்பரசருக்கு விலகல் கடிதம் எழுதுகிறார்கள். பங்குக் குருவுக்கும் அதே வயதுதான் என்பது உங்களில் பலருக்குத் தெரியாது. ஓய்வுபெற்ற ஆயர் தம் மறைமாவட்டத்திலேயே வசிக்கலாம், பட்டத்தை வைத்துக்கொள்ளலாம். ஆனால் நிர்வாகத்தில் நேராகவோ மறைமுகமாகவோ தலையிடலாகாது என்று 2004இல் வந்த ஆயர்களுக்கான கையேடு எச்சரிக்கிறது. யாரோ எங்கோ தலையிட்டிருக்காவிட்டால் இப்படி எழுதவேண்டிய அவசியம் வந்திராது.

இங்கே நம் சொந்தப் பாவத்தையும் சொல்லிவிடுகிறோம். குருவாகி முதன்முதல் தனிப் பொறுப்பில் இருந்த பங்கிலிருந்து மாற்றலாகிப் போன மறுவருடம், அவ்வூர்த் திருவிழாவில் கொடியேற்றும் உரிமை பற்றித் தகராறு. பழைய பங்குச்சாமி சொன்னால் எல்லோரும் கேட்பார்கள் என்று சிலர் வண்டி பிடித்து வந்து அழைத்தார்கள். புகழ்ச்சி இனிப்பாக இருந்தது. போனோம். பேசினோம். தகராறும் அன்றைக்குத் தீர்ந்தது. ஆனால் அன்றிலிருந்து அந்தப் பங்கில் எது நடந்தாலும் ஒரு கூட்டம் புதிய குருவிடம் போகும், ஒரு கூட்டம் நமக்குத் தொலைபேசியில் பேசும். புதியவர் நம்மைவிட வயதில் மூத்தவர், பொறுமைசாலி. நம்மிடம் ஒரு சொல் கேட்கவில்லை. மூன்று வருடம் அவர் பட்ட பாட்டை அவர் மாற்றலாகிப் போனபின் அங்கிருந்த கன்னியர் சொல்லித்தான் அறிந்தோம். மன்னிப்புக் கேட்கப் போனபோது காப்பி கொடுத்து வேறு பேச்சுப் பேசி அனுப்பிவிட்டார்.

2013இல் நம்மிடம் கேள்வி கேட்ட அந்தப் பனியன் கம்பெனிப் பெரியவரின் கதையும் இதுதான். கம்பெனியை மகன் பெயருக்கு எழுதிக்கொடுத்துவிட்டார். ஆனாலும் தினம் காலை ஒன்பது மணிக்கு வந்து கல்லாவில் உட்கார்ந்தார். நிட்டிங்காரர், சாயப்பட்டறைக்காரர், கட்டிங் மாஸ்டர் எல்லோரும் முதலில் அவரைப் பார்த்துப் பேசிவிட்டுத்தான் ‘சின்ன முதலாளி’யிடம் போனார்கள். மகன் ஒரு விலை பேசினால் அப்பா ஒரு விலை சொன்னார். அவ்வருடத் தவக்காலம் முடிந்து உயிர்ப்புத் திருநாளுக்குப் பிறகு ஒருநாள் பெரியவர் வந்தார். பாப்பரசர் வீட்டுக் கதவைச் சாத்துவதைத் தொலைக்காட்சியில் பார்த்தாராம். மறுநாளிலிருந்து கம்பெனிக்குப் போகவில்லையாம். “ஒரு வாரம் வூட்ல உட்கார முடியலைங்க சாமி. கை நடுங்குது. மிஷின் சத்தம் கேட்காம தூக்கமே வரலை,” என்றார். பிறகு காலைப் பூசைக்கு வரத் தொடங்கினார். மகன் ஏதாவது கேட்டால் சொல்வார், கேட்காவிட்டால் சொல்லமாட்டார். அந்தக் ‘கேட்டால்’ என்பதைக் கற்றுக்கொள்ள ஒரு வருடம் பிடித்தது என்று பின்னொருநாள் சிரித்துக்கொண்டே சொன்னார்.

மலர்க்குழுவினர் பக்கம் முடிந்துவிட்டது என்கிறார்கள். ஒரு செய்தி மட்டும். 2020 மே 26இல், பிரெசியாக் ஆண்டகையின் வீரத்துவமான புண்ணியங்களை ஏற்று அவரை ‘வணக்கத்துக்குரியவர்’ என்று அறிவிக்கும் ஆணைக்குப் பாப்பரசர் பிரான்சிஸ் ஒப்புதல் தந்தார். பதவி துறந்த ஒரு மேற்றிராணியாருக்காக அவர் ஒப்புதல் தந்த அந்நாளில், பதவி துறந்த அவருடைய முன்னவர் சற்றுத் தூரத்தில் தோட்டத்து வீட்டில் உயிரோடிருந்தார். முத்திப்பேறு பட்டம் கிடைக்க இனி ஒரு புதுமை வேண்டும். வருகிற அக்டோபரில் கருமத்தம்பட்டிக்குப் போகும்போது, உங்கள் வீட்டில் நோயாளி எவரேனும் இருந்தால் அவர் வழியாகவும் மன்றாடுங்கள். ஏதேனும் நன்மை கிடைத்ததாக உணர்ந்தால், நாள், மருத்துவர் தந்த தாள்கள், கூட இருந்து பார்த்தவர்களின் பெயர் எல்லாம் எழுதி அறைவீட்டில் கொடுங்கள். அப்போது நாம் இங்கே இல்லாவிட்டால், அந்நேரம் இருக்கிற பங்குத்தந்தையிடம் கொடுங்கள்.